விதி வளர்த்த தொடைகள்

ரக்பி வீரர்களில் யாருக்குக் கால் வலு அதிகம் என்று கேட்டால், ஸ்குவாட்டில் யார் அதிகப் பளுவோடு உட்கார்ந்து எழுகிறார் என்று பார்ப்பதுதான் வழக்கம். முட்டித் தள்ளும் முன்வரிசை ஃபார்வர்டுகள் முந்துவார்கள். அதே கணக்கை உடல் எடையால் வகுத்தால், பின்னால் நின்று ஓடும் பேக்குகளோடு உள்ள இடைவெளி பெரும்பாலும் சுருங்கிவிடும். இந்த வித்தியாசத்துக்கான காரணத்தை ஜிம்மில் தேடுவது வீண். விதிகள் காலிடம் எந்த வேலையைக் கேட்டனவோ, அந்த வலுவைத்தான் வீரர்கள் வளர்த்தார்கள்.

1895 ஆகஸ்ட் 29 அன்று வட இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில், ஜார்ஜ் ஹோட்டலில் கூடிய கிளப்புகள் தனியே பிரிந்தன. சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்தவர்கள் ஆட்டத்துக்காக இழந்த கூலியை ஈடுகட்டலாமா என்பதே தகராறு. பிரிந்தவர்கள் 1906இல் அணியை 15 பேரிலிருந்து 13 பேராகக் குறைத்தார்கள். பிடிபட்டவர் எழுந்து பந்தைக் காலால் பின்னே உருட்டி ஆட்டத்தைத் தொடரலாம் என்றார்கள். இன்றைய ரக்பி லீக் அதுதான். அங்கே, இரு அணி ஃபார்வர்டுகளும் பிணைந்து முட்டித் தள்ளும் ஸ்க்ரம் மெல்ல மெல்ல மதிப்பிழந்து, யாரும் மெய்யாகத் தள்ளாத சடங்காகிப்போனது. ஒவ்வொரு பிடிக்கும் பிறகு தடுக்கும் அணி 10 மீட்டர் பின்வாங்கி, உடனே முன்னே பாய வேண்டும். எத்தனை பெரிய உடம்புக்காரருக்கும் இதிலிருந்து விலக்கு இல்லை. பிரியாமல் பழைய ஆட்டத்தைத் தொடர்ந்த ரக்பி யூனியனிலோ ஸ்க்ரம்மில் எட்டுப் பேருக்கு எட்டுப் பேர் முட்டுகிறார்கள். டைட்ஹெட் ப்ராப் என்னும் முன்வரிசை வீரர் எதிரணியின் இருவருக்கு நடுவே தலையைக் கொடுத்து, முதுகை நேராக வைத்து, முழங்காலை மடக்கி, முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் வரும் அழுத்தத்தை ஒருசேரத் தாங்குகிறார். பல நேரம் பாதம் ஓர் அங்குலம்கூட நகராது. தொடை மட்டும் நடுங்கும்.

பணம் வந்த பிறகுதான் இந்தக் கால்கள் வந்தன, யூனியன் சம்பள ஆட்டமானதே 1995இல்தானே என்று கேட்கலாம். உடம்புகள் அதன்பின் பெருத்தது உண்மை. ஆனால் பணமே போதுமென்றால், 1898 முதல் வெளிப்படையாகச் சம்பளம் கொடுத்த லீக் அல்லவா ஸ்க்ரம் கால்களில் நூறாண்டு முன்னே நின்றிருக்க வேண்டும்? யூனியனில் சம்பளமே இல்லாத 1970களில், வேல்ஸின் பான்டிபூல் கிளப்பில் பயிற்சியாளர் ரே பிராஸர் தம் ஆட்களை ஊர்ப் பூங்காவின் குன்றிலுள்ள குரோட்டோ என்ற கட்டடம்வரை ஓடி ஏறவைத்தார். ஃபார்வர்டுகள் தள்ளி ஜெயிப்பதே அவர் பாணி. ஃபாக்னர், வின்ட்சர், பிரைஸ் என்று அந்தக் கிளப்பின் முன்வரிசை மூவருமே வேல்ஸ் அணிக்குப் போனார்கள்.

நியூசிலாந்தின் ஜோனா லோமுவைக் காட்டி மறுப்பவர்களும் உண்டு: ஃபார்வர்டின் கனத்தோடு மைதான ஓரத்து விங்கில் ஓடி, 1995 உலகக் கோப்பை அரையிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக நான்கு ட்ரை போட்டவர். அவர் பள்ளி நாளில் ஃபார்வர்டாக ஆடியவர்தான். அதே கால்கள் விங்குக்குப் போனபின் எதிரிகளைச் சாய்த்தது, நின்ற இடத்தில் தாங்கும் வலு அல்ல, ஓட்டத்தில் உந்தும் வலு. ஸ்க்ரம்முக்குள்ளேயே இந்தக் கணக்கு மாறியிருக்கிறது. 2013இல், முட்டுவதற்கு முன்பே ப்ராப்புகள் ஒருவரையொருவர் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று விதி வந்தது. முதல் மோதலின் வேகம் தணிந்து, நீண்டு நிற்கும் தள்ளலுக்கு மவுசு கூடியது. 2012இன் ப்ராப்பையும் 2014இன் ப்ராப்பையும்கூட ஒரே ஸ்குவாட் எண்ணால் ஒப்பிடுவது சரிப்படாது.