வளையத்தடியில் சீண்டல்: கூடைப்பந்து நடுவரின் கண்ணும் காதும்

கூடைப்பந்தில் நடுவரின் தீர்ப்பு மிகுதியாகத் தகராறுக்கு உள்ளாகும் இடம் வளையத்தடி. உடல் மோதல், எதிராளியைச் சீண்டுதல் என இரண்டு குற்றங்களை அவர் அங்கே எடைபோட வேண்டியிருக்கிறது. மோதலுக்குக் கண், சீண்டலுக்குக் காது என்றே பலரும் எண்ணுகிறோம். சீண்டலையும் முதலில் கண்ணால்தான், ஆட்டக்காரர் நிற்கும் இடத்தையும் திரும்பியிருக்கும் திசையையும் கொண்டுதான், தீர்மானிக்க வேண்டும் என்பது என் வாதம். இதற்கு விலக்கு ஒன்று உண்டு. தேனி மாவட்டத்தில் நின்று பேசுகிறவர் அதைத் தாண்டிப் போக முடியாது.

1891இல் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தை வகுத்தபோது கூடையைத் தலைக்கு மேல் வைத்ததே முரட்டு வேகத்தைக் குறைக்கத்தான். உயரத்தில் இருக்கும் கூடைக்குப் பந்தை ஓங்கி எறிந்து பயனில்லை. வளைத்துப் போட வேண்டும். தோளால் இடிப்பது, பிடிப்பது, தள்ளுவது, தடுக்கிவிடுவது, அடிப்பது ஆகியவற்றை அவரது 13 விதிகளில் ஐந்தாவது விலக்கியது. 3.05 மீட்டர் உயர வளையத்தை ஆட்டக்காரர்களின் கைகள் எட்டத் தொடங்கியதும், வெளியே அனுப்பிய முரட்டுத்தனம் வளையத்தடிக்கே திரும்பி வந்தது.

சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் இன்றைய விதி இதை இடக்கணக்காக மாற்றியிருக்கிறது. ஒவ்வொரு ஆட்டக்காரரையும் கண்ணுக்குத் தெரியாத ஓர் உருளை சூழ்ந்திருக்கிறது. முன்னே உள்ளங்கை, பின்னே பிட்டம், பக்கவாட்டில் கைகால்களின் வெளியோரம் அதன் எல்லைகள். தன் உருளைக்குள் நேர்மேலாகக் கையை உயர்த்தித் துள்ளும் தடுப்பாளர் மீது எதிராளி வந்து மோதினால் தடுப்பாளர் குற்றவாளியல்ல. கூடைக்கு நேர்கீழே 1.25 மீட்டர் ஆரமுள்ள அரைவட்டத்துக்குள் தடுப்பாளர் நின்றால் கணக்கு மாறும். வெளியிலிருந்து பந்தோடு பாய்ந்து வருபவர், கையையோ காலையோ முறைகேடாகப் பயன்படுத்தாதவரை, அவரோடு மோதினாலும் தாக்குதல் தவறு ஆகாது. இத்தனைக்கும் மேலே ஓர் அளவுகோல் இருக்கிறது: அந்த மோதலால் யாருக்காவது ஆதாயமோ பாதகமோ உண்டா? இல்லையென்றால் ஆட்டம் தொடரட்டும். நடுவர் பயிற்சியில் தடுப்பாளரின் மேல் கண் வைக்கச் சொல்வது இதனால்தான். பந்தையே பார்த்துக்கொண்டிருப்பவருக்கு மோதலின் விளைவு தெரியும், காரணம் தெரியாது.

சீண்டலுக்கு வருவோம். மோதலற்ற நடத்தைத் தவறான டெக்னிக்கல் ஃபவுலுக்கு உரியவற்றின் பட்டியலில் எதிராளியைச் சீண்டுவதோடு கண்ணருகே கையாட்டிப் பார்வையை மறைப்பது, முழங்கையை அளவுமீறி வீசுவது, அடிபட்டதாக நடிப்பது, முழு எடையும் தாங்கும்படி வளையத்தில் தொங்குவது ஆகியவையும் இருக்கின்றன. பெரும்பாலானவை கண்ணுக்குப் புலப்படுபவை. அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துச் சங்கமான என்பிஏவில் ஆடிய டிகெம்பே முட்டோம்போவின் விரலசைப்பு இங்கே நல்ல சான்று. எதிராளியின் ஷாட்டைத் தட்டிவிட்டு அந்த எதிராளியின் முகத்துக்கு நேரே விரலை ஆட்டுவது முட்டோம்போவின் வழக்கம். என்பிஏ அதற்கு டெக்னிக்கல் ஃபவுல் கொடுக்கத் தொடங்கியதும், அதே விரலைப் பார்வையாளர் பக்கம் திருப்பிக்கொண்டார்; விசில் ஒலிக்கவில்லை. சைகை ஒன்றே, திசைதான் வேறு. தீர்ப்பும் திசையைப் பின்பற்றியது. டங்க் அடித்துவிட்டுத் தன் பெஞ்சைப் பார்த்துக் கத்துபவரையும், கீழே விழுந்த தடுப்பாளரின் மேல் குனிந்து நிற்பவரையும் பிரித்தறிய மொழி தேவையில்லை.

தேனி மாவட்டத்துப் பெரியகுளத்தில் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் கோடைதோறும் மின்னொளியில் நடத்திவரும் அகில இந்தியப் போட்டியில் இந்த அணுகுமுறையின் பயன் தெளிவாகும். சென்னையின் வங்கி அணிகளும், இராணுவ, கடற்படை அணிகளும், கேரள அணிகளும் அங்கே ஆடியிருக்கின்றன. களத்தில் புழங்கும் வசவு எந்த மொழியிலும் இருக்கலாம். இதே மாவட்டத்துப் போடியிலிருந்து அன்றாடம் ஜீப்பில் போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போய்வருபவருக்குத் தமிழ்ச் சீண்டலோடு மலையாளச் சீண்டலும் விளங்கும். வடக்கேயிருந்து வந்த நடுவருக்கு இரண்டுமே விளங்காது. சொல்லை மட்டும் நம்பினால், தனக்குப் புரிந்த மொழிக்காரரை மட்டும் அவர் தண்டிப்பார். அது நடுவுநிலை ஆகாது.

இன்னொன்று, சீண்டல் பெரும்பாலும் விசிலுக்குப் பிறகுதான் நடக்கிறது. தவறை அறிவிக்க ஒரு நடுவர் மேசைப் பக்கம் திரும்பும் சில நொடிகளில் மற்றவரும் பந்தைத் தேடிப் போய்விட்டால், வளையத்தடியில் இரண்டு பேர் மார்பு முட்ட நிற்பதைப் பார்க்க ஆளில்லை. சற்று முன் கவனிக்காமல் விட்ட இடிதான் அங்கே பேச்சாக வெளிப்படுகிறது.

இனி அந்த விலக்கு. போடி 1989இல் சாதிக் கலவரத்தைக் கண்ட ஊர். அங்கே ரீபவுண்டுக்குத் தோளோடு தோள் நிற்கையில் ஒருவர் உதடசையாமல் எதிராளியின் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் திசையும் இல்லை, சைகையும் இல்லை. என் அளவுகோல் அங்கே தோற்கிறது. ஆதாயமா பாதகமா என்ற கேள்விக்கும் அங்கே இடமில்லை. இழிவுபட்டவர் அடுத்த ஷாட்டைப் போட்டுவிட்டார் என்பதற்காகக் குற்றம் குறைந்துவிடாது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமையைத் தடுக்கும் 1989ஆம் ஆண்டுச் சட்டம், பொதுப் பார்வையில் நிகழும் அத்தகைய அவமதிப்பைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாகவே வைத்திருக்கிறது. களத்தில் மட்டும் அதற்கு டெக்னிக்கல் ஃபவுலின் ஒரு ஃப்ரீ த்ரோதான் விலை என்றால் அது கேலிக்கூத்து. அப்பட்டமான பண்பற்ற செயலுக்கு ஆட்டக்காரரை வெளியேற்ற ஃபிபா விதியே இடம்தருகிறது. எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோவும் பந்தும் கிடைக்கும். சாதிவசவுக்கு எச்சரிக்கையோ டெக்னிக்கல் ஃபவுலோ போதாது, நேராக வெளியேற்றமே முறை.

அதைச் செய்யக் கேட்கும் காது வேண்டும். இம்மாவட்டத்தில் போட்டி நடத்துவோர் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இவ்வட்டாரப் பேச்சு அறிந்த நடுவர் ஒருவரையாவது களத்தில் இறக்க வேண்டும். விசில் ஒலித்தபின் வளையத்தடியை விட்டு நகராதிருப்பதை அவருடைய பொறுப்பாக்க வேண்டும்.