கல்வெட்டு இல்லாத மரணங்கள்

ஃபேன்டஸி என்று சொல்லப்படும் மிகுகற்பனைக் கதைகளில், வாசகர் நேசிக்கும் ஒரு பாத்திரம் கொல்லப்படும்போது இன்று ஒரு நியாயம் தயாராக இருக்கிறது. நிஜ வாழ்க்கையில் இப்படித்தானே நடக்கிறது, நல்லவன் என்பதற்காக மரணம் யாரையாவது விட்டுவைக்கிறதா என்பதுதான் அது. டிராகன் பறக்கிற, செத்தவர் எழுந்து நடக்கிற உலகத்துக்கு யதார்த்தத்தைச் சாட்சிக்கு அழைப்பது விசித்திரம்தான். ஆனாலும் நம் வீட்டுப் பிள்ளைகள் முதல் விமர்சகர்கள் வரை பலரும் அதை ஏற்கிறார்கள். உண்மையில் இந்த நியாயத்துக்கு வயது அதிகமில்லை. கதைகளில் நமக்குப் பிடித்தவர்கள் காலங்காலமாகச் செத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதற்குச் சொல்லப்பட்ட காரணம்தான் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது.

பழைய கதைகளில் மரணம் ஒரு செய்தியே இல்லை. தெருக்கூத்தில் 'கர்ண மோட்சம்' பார்க்க வந்து உட்காருகிற ஊராருக்குக் கர்ணன் விடிவதற்குள் விழுந்துவிடுவான் என்பது தெரியும். அபிமன்யு சக்கரவியூகத்துக்குள் நுழையும்போது அவன் வெளியே வரமாட்டான் என்பதும் தெரியும். தெரிந்துகொண்டேதான் அழுகிறார்கள். கிரேக்கர்களுக்கு ஹெக்டரின் முடிவு தெரிந்திருந்தது. 1485-இல் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சிட்ட தாமஸ் மாலோரியின் ஆர்தர் கதை, தலைப்பிலேயே 'ஆர்தரின் மரணம்' என்று அறிவித்துவிட்டுத்தான் தொடங்குகிறது. முடிவை முன்கூட்டியே சொல்லிக் கதையைக் கெடுத்துவிட்டான் என்று யாரும் யாரையும் ஏசிய காலம் அல்ல அது. கதை கேட்பது ஒரு வகையில் துக்க வீட்டுக்குப் போவது போல. என்ன நடந்தது என்று அறியப் போவதில்லை, சேர்ந்து உட்காரப் போகிறோம்.

அச்சு இதழ்கள் இதை மாற்றின. 19-ஆம் நூற்றாண்டில் நாவல்கள் தொடராக வரத் தொடங்கியபோது, முடிவை அறிந்தவர் உலகத்திலேயே ஒருவர்தான் என்ற நிலை உருவானது. டிக்கன்ஸின் 'தி ஓல்ட் கியூரியாசிட்டி ஷாப்' 1840-இலும் 1841-இலும் தொடராக வந்தபோது, சிறுமி நெல்லைக் காப்பாற்றும்படி வாசகர்கள் அவருக்குக் கடிதம் எழுதினார்கள். கர்ணனைக் காப்பாற்றச் சொல்லி யாரும் கூத்து வாத்தியாருக்கு மனுப்போட்டதில்லை. கதை மாந்தரின் உயிர் ஒரு தனிமனிதனின் பேனாவில் இருக்கிறது, அவனிடம் மன்றாட முடியும் என்ற எண்ணமே புதியது. நெல் செத்தாள்.

அடுத்து ஷெர்லாக் ஹோம்ஸ். 1893 டிசம்பர் 'ஸ்ட்ராண்ட்' இதழில் ஆர்தர் கோனன் டாயில் அவரை ஸ்விட்சர்லாந்தின் ரைக்கன்பாக் அருவியில் தள்ளிவிட்டார். காரணம் யதார்த்தமும் இல்லை, கலையும் இல்லை. தன் வரலாற்று நாவல்களே பெரிய எழுத்து என்று நம்பிய டாயிலுக்கு, ஹோம்ஸ் தன் நேரத்தையெல்லாம் தின்கிறார் என்ற சலிப்பு. வாசகர்கள் கோபித்தார்கள். 1901-இல் தொடங்கிய 'பாஸ்கர்வில் வேட்டைநாய்' ஹோம்ஸின் சாவுக்கு முந்தைய கதையாக வந்தது. 1903-இல் ஹோம்ஸ் உயிரோடேயே திரும்பினார். அருவியில் விழவே இல்லையாம். ஒரு பாத்திரத்தைக் கொல்வதும் எழுப்புவதும் எழுத்தாளர், பதிப்பாளர், வாசகர் மூவருக்கும் இடையிலான பேரமாக மாறியது இங்கேதான்.

தமிழிலிருந்து ஓர் எதிர் உதாரணம். கல்கி 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்' எழுதியபோது, ஆதித்த கரிகாலனைக் காப்பாற்ற அவருக்கு வழியே இல்லை. அந்த இளவரசன் கொலையுண்டதையும், கொன்றவர்களில் சிலரின் பெயர்களையும் உடையார்குடிக் கல்வெட்டு சொல்லிவிட்டது. கல்கி செய்ய முடிந்ததெல்லாம், குத்தியது யார் கை என்பதை இருட்டில் வைப்பதுதான். வரலாற்று நாவலாசிரியர் 'இது நடந்தது' என்று சொல்லலாம், அவருக்குப் பின்னால் கல் இருக்கிறது. மிகுகற்பனைக் கதையாசிரியருக்குக் கல்வெட்டு கிடையாது. அங்கே ஒருவர் சாவது ஆசிரியர் அதை முடிவு செய்ததால் மட்டுமே. ஆகவே 'யதார்த்தம் அப்படி' என்று அவர் கைவிரிக்க முடியாது. வேறு பதில் தேவை.

அந்தப் பதிலைத் தன் உடம்பில் சுமந்து வந்தவர் ஜே. ஆர். ஆர். டோல்கீன். பள்ளி நாட்களிலிருந்து அவருக்கு ஒரு சிறு நண்பர் குழு. உள்வட்டத்தில் நால்வர். 1916 ஜூலை 1, சோம் சண்டையின் முதல் நாளிலேயே ராப் கில்சன் கொல்லப்பட்டார். அதே ஆண்டு டிசம்பரில் ஜெஃப்ரி ஸ்மித், குண்டுச் சிதறல் பட்ட காயத்தால் இறந்தார். டோல்கீனும் அதே சோம் களத்தில் சமிக்ஞை அதிகாரியாக இருந்தவர். பதுங்குகுழிக் காய்ச்சல் வந்ததால் நவம்பரில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். ஸ்மித்தின் கவிதைகளைத் தொகுத்து 1918-இல் வெளிவரச் செய்தார். அந்த ஆண்டுக்குள் நெருங்கிய நண்பர்களில் ஒருவர் தவிர அனைவரும் இறந்துவிட்டதாக, 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலின் இரண்டாம் பதிப்பு முன்னுரையில் எழுதினார்.

போரை நேரில் கண்ட இவர்தான் தன் கதையில் தயங்கித் தயங்கிக் கொல்கிறார். மோரியாவின் பாலத்தில் கேன்டால்ஃப் பாதாளத்தில் விழுகிறார். முதல் பாகம் 1954 ஜூலையில் வந்தது. அவர் திரும்பி வருவதை அறிய, வாசகர்கள் நவம்பரில் வந்த இரண்டாம் பாகம் வரை காத்திருந்தார்கள். போரோமிர் சாகிறான், மன்னன் தியோடன் சாகிறான். ஆனால் புறப்பட்ட நான்கு ஹாபிட்களும் ஊர் திரும்புகிறார்கள். இதை வைத்து டோல்கீன் மென்மையானவர், போரைப் பூசி மெழுகியவர் என்று சொல்பவர்கள் உண்டு.

கடைசி அத்தியாயங்களைப் படித்தால் அப்படிச் சொல்லத் தோன்றாது. ஃப்ரோடோ உயிரோடு வீடு வருகிறான், ஆனால் வந்து சேரவில்லை. காயம்பட்ட நாள் ஆண்டுதோறும் திரும்பும்போது வலியும் திரும்புகிறது. அவன் என்ன செய்தான் என்பதை ஊரில் அதிகம் பேர் அறியவுமில்லை, கேட்கவுமில்லை. எந்த ஊரைக் காப்பாற்றப் போனானோ அந்த ஊரில் வாழ முடியாமல் கப்பலேறுகிறான். யாரையும் கொல்லாமலேயே போர் என்ன செய்யும் என்பதைக் காட்டும் இடம் இது. சோமிலிருந்து பிழைத்து வந்தவர் எழுதிய யதார்த்தம் சாவின் எண்ணிக்கையில் இல்லை, பிழைத்தவனின் உடம்பில் இருக்கிறது. புலம்பெயர்ந்து வாழும் நம்மில் பலருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஜே. கே. ரோலிங்கை இந்த இரண்டுக்கும் நடுவில் வைக்கலாம். ஆர்தர் வீஸ்லியைக் கொல்ல எண்ணியிருந்து பிறகு விட்டுவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். 2007-இல் வந்த கடைசிப் பாகத்தில் லூப்பினும் டாங்ஸும் செத்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இது வரவு செலவுக் கணக்கு போலத் தெரியும். ஆனால் அவர்கள் ஒரு கைக்குழந்தையை விட்டுச் செல்கிறார்கள். பெற்றோரை இழந்த குழந்தையாகத் தொடங்கிய ஹாரியின் கதை, இன்னொரு குழந்தையை அதே இடத்தில் விட்டு முடிகிறது. போர் என்ன மிச்சம் வைக்கிறது என்பதை இது காட்டுவதால், அந்தச் சாவுகளுக்குக் கதையில் வேலை இருக்கிறது.

இனி ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின். யதார்த்த வாதத்தின் கொடியை ஏந்துபவர்கள் சுட்டிக்காட்டுவது இவரைத்தான். கேன்டால்ஃப் செத்தவராகவே இருந்திருக்க வேண்டும் என்று பேட்டிகளில் சொன்னவர். வியட்நாம் போர்க் காலத்தில் மனசாட்சி மறுப்பாளராகப் பதிந்துகொண்டு ஆயுதம் ஏந்த மறுத்தவர். அவர் யதார்த்தத்தை எடுத்தது போர்க்களத்திலிருந்து இல்லை, வரலாற்று நூல்களிலிருந்து. 2000-இல் வந்த 'எ ஸ்டார்ம் ஆஃப் ஸ்வோர்ட்ஸ்' நாவலின் 'சிவப்புத் திருமண'த்துக்கு ஸ்காட்லாந்தின் இரண்டு நிகழ்வுகளை முன்மாதிரியாகச் சொல்லியிருக்கிறார். 1440-இல் எடின்பரோ கோட்டையில், பத்து வயது மன்னனோடு விருந்துண்ண அழைக்கப்பட்ட இளம் டக்ளஸ் பிரபுவும் அவன் தம்பியும் தலை வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 1692 பிப்ரவரியில் கிளென்கோவில், மக்டொனால்டு குலத்தார் வீடுகளில் இரண்டு வாரம் உண்டு உறங்கிய படைவீரர்கள், ஒரு விடியற்காலையில் விருந்தளித்தவர்களையே கொன்றார்கள். இறந்தவர்கள் 30 பேருக்கு மேல்.

ஆனால் மார்ட்டினின் சாவுகள் தற்செயலாக வருபவை என்ற எண்ணம் தவறு. 1996-இல் வந்த முதல் பாகத்தில் நெட் ஸ்டார்க்கின் தலை விழுவதற்குப் பின்னால் ஒரு சங்கிலி இருக்கிறது. பகை அரசியின் ரகசியத்தை அறிந்தவர், அவள் பிள்ளைகள் மீதுள்ள இரக்கத்தால் அதை அவளிடமே சொல்லித் தப்பியோட அவகாசம் கொடுக்கிறார். பிறகு நம்பக்கூடாதவனை நம்புகிறார். மகள்களுக்காகப் பொய்யாகக் குற்றத்தை ஒப்புக்கொள்கிறார். அவருடைய குணமே அவரைக் கொல்கிறது. மகன் ராப் கொடுத்த திருமண வாக்கை மீறுகிறான், அதற்கான விலை இன்னொரு திருமணத்தில் வசூலாகிறது. திரும்பிப் படித்தால் ஒவ்வொரு படியும் கண்ணில் படும். அபிமன்யு வியூகத்துக்குள் நுழைவதைப் பார்க்கும் அதே தவிப்பு, இரண்டாம் வாசிப்பில் வரும். முடிவு தெரிந்த பின்னும் தாங்குகிற மரணம் அது. அந்தத் திருமண அத்தியாயத்தை எழுத முடியாமல் ஒதுக்கி வைத்து, நூலின் மற்றதையெல்லாம் முடித்த பிறகே எழுதியதாகவும் மார்ட்டின் சொல்லியிருக்கிறார்.

அவரும் செத்தவர்களை எழுப்புகிறார் என்பதையும் மறக்கக்கூடாது. பெரிக் டொண்டாரியன் ஒவ்வொரு முறை எழும்போதும் நினைவுகளில் கொஞ்சத்தை இழக்கிறான். நாவலில் கேட்லின் திரும்பி வருகிறாள், ஆனால் தாயாக வரவில்லை, பழிவாங்கும் ஒரு பிணமாக வருகிறாள். எழுவதற்கும் விலை உண்டு.

தொலைக்காட்சித் தொடராக அது மாறியபோது இந்த விலை மெல்ல மறைந்தது. 2013 ஜூனில் சிவப்புத் திருமணம் ஒளிபரப்பானபோது, நாவலை முன்பே படித்தவர்கள், படிக்காத நண்பர்கள் அலறுவதை ரகசியமாகப் படம்பிடித்து இணையத்தில் போட்டார்கள். மரணத்தின் வேலை அன்று மாறிவிட்டது. 2015-இல் ஜான் ஸ்நோ குத்திக் கொல்லப்பட்டபோது, அவன் செத்துவிட்டான் என்றே தயாரிப்பாளர்கள் சொல்லிவந்தார்கள். 2016-இல் பெரிய இழப்பு எதுவுமின்றி எழுந்து வந்தான். ரைக்கன்பாக் அருவிக்கே திரும்பிவிட்டோம், பேரம் மட்டும் பெரிதாகியிருக்கிறது. அதன்பின், பிடித்தவரைக் கொன்றால்தான் பெரியவர்களுக்கான கதை என்ற நம்பிக்கை பல தொடர்களில் பரவியது. யதார்த்தம் என்ற சொல் இந்தக் காலத்தில்தான் எல்லாவற்றுக்கும் சாக்காக ஆனது.

நான் கணினித் துறையில் வேலை செய்பவன். பழைய மென்பொருளைத் துப்புரவு செய்யும்போது, ஒரு பகுதியை நீக்கிவிட்டு மற்றதெல்லாம் ஓடுகிறதா என்று பார்ப்போம். நீக்கிய பின்னும் எதுவும் உடையவில்லை என்றால், அந்தப் பகுதி எதற்கும் பயன்படாமல் முன்பே செத்துக் கிடந்திருக்கிறது என்று பொருள். கதைக்கும் இந்தச் சோதனையை வைக்கலாம். ஒருவர் செத்த அடுத்த அத்தியாயத்தில் மற்றவர்கள் வழக்கம்போல் நகைச்சுவை பேசிக் குதிரையேறிப் போகிறார்கள் என்றால், அங்கே யாரும் சாகவில்லை. வாசகர் ஒரு முறை திடுக்கிட்டார், அவ்வளவுதான்.

போரைக் கடந்து வந்த குடும்பங்களில் வளர்ந்த பிள்ளைகள் இந்தக் கதைகளைப் படிக்கிறார்கள். 'நிஜத்தில் இப்படித்தான்' என்ற வாக்கியம் அவர்களிடம் சொல்லப்படும்போது அதற்கு வேறு கனம் உண்டு. மரணம் எதிர்பாராமல் வரும் என்பது அந்த வீடுகளுக்குத் தெரியாத பாடமா? சுவரில் மாலையிட்ட படமும், பேச்சில் தவிர்க்கப்படும் பெயரும் அங்கே இருக்கின்றன. 2017-இல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு தெருவோரம் அமரத் தொடங்கிய தாய்மாருக்கு, செத்தான் என்று சொல்லவும் ஒரு கல்வெட்டு இல்லை. நிஜத்தில் மரணம் ஒரு நொடியில் முடிவதே இல்லை. அது இருப்பவர்களோடு முப்பது, நாற்பது ஆண்டுகள் குடியிருக்கிறது. இதைக் காட்டாத கதை எத்தனை தலைகளை உருட்டினாலும் நிஜத்துக்கு அருகில் கூட வரவில்லை.

ஆகவே மிகுகற்பனைக் கதை பிடித்தவர்களைக் கொல்லலாம். தேவையானால் கொல்லத்தான் வேண்டும். எல்லோரும் பிழைக்கும் போர், போரே இல்லை. ஆனால் கொன்றவர் யதார்த்தத்தின் பின்னால் ஒளியாமல், நான்தான் கொன்றேன் என்று ஏற்க வேண்டும். ஏற்றதற்கு அடையாளம் அடுத்த பக்கங்களில் இருக்கும்: செத்தவரின் இடம் காலியாகவே கிடக்கும், உயிரோடு இருப்பவர்கள் அதைச் சுற்றி நடப்பார்கள். அப்படி எழுதப்பட்ட கதையை முடிவு தெரிந்த பிறகும் எடுத்துப் படிப்போம், கர்ணன் விழுவதைப் பார்க்க ஊர் ஆண்டுதோறும் வந்து உட்காருவது போல.