வியர்வைக்கு எந்த சோப்பு? போடி மலையிலிருந்து ஒரு சின்ன வரலாறு

இந்த எபிசோடுக்குக் காரணம் ஒரு மெசேஜ். "ஜிம் முடிச்சு வந்தா உடம்பெல்லாம் நாறுது ப்ரோ, ஸ்ட்ராங்கா ஒரு சோப்பு சொல்லுங்க"ன்னு ஒரு நேயர் கேட்டிருந்தார். படிச்சதும் எனக்கு போடியில் இருக்கும் எங்க அம்மாச்சி ஞாபகம்தான் வந்தது.

அம்மாச்சி ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை பார்த்தவங்க. விடியறதுக்கு முன்னாடி போடிநாயக்கனூரில் ஜீப் ஏறி, 17 கொண்டை ஊசி வளைவுகள் தாண்டி போடிமெட்டு வழியா ஏலமலைக்குப் போவாங்க. திரும்பி வர சாயங்காலம் ஆகும். தேனி மாவட்டத்துப் பெண்கள் நிறைய பேருக்கு இன்னைக்கும் இதுதான் பிழைப்பு. ஏலக்காய் செடி உச்சியில் காய்க்காது. அடியிலிருந்து கிளம்பும் சரம் தரையோடு படர்ந்து கிடக்கும். குனிஞ்சோ குத்தவச்சோதான் பறிக்கணும். ஈர மண், வியர்வை, தெளிச்ச பூச்சிமருந்து எல்லாம் கையிலயும் காலிலயும் ஒட்டும்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாச்சி குளிக்க எடுக்கிறது துணி சோப்பு. "இம்புட்டு அழுக்குக்கு வாசனை சோப்பு எந்த மூலைக்குப் பத்தும்?"னு கேப்பாங்க. அப்புறம் வெடிச்ச கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிட்டு உட்கார்ந்திருப்பாங்க.

அழுக்கு எவ்வளவோ, சோப்பும் அவ்வளவு காரமா இருக்கணும். அம்மாச்சியும் ஜிம் நண்பரும் நம்புறது ஒண்ணுதான். இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது?

நம்ம பழைய வழக்கத்தில் இது இல்லை. துணிக்கு உவர்மண், தலைக்குச் சீயக்காயும் அரப்பும், உடம்புக்குப் பாசிப்பயறு மாவு. துணிக்குப் போடுறதை யாரும் தோலுக்குப் போடலை.

கட்டி சோப்பு கப்பலில் வந்தது. 1888-ல் லீவர் பிரதர்ஸின் சன்லைட் சோப்பு கல்கத்தாவுக்கு வந்தது. அது துணிக்கானது. 1895-ல் லைஃப்பாய் வந்தது. அதில் கார்பாலிக் அமிலம் இருந்தது. 1860-களில் ஜோசப் லிஸ்டர் என்ற அறுவை மருத்துவர் புண்ணில் கிருமி சேராமல் தடுக்கப் பயன்படுத்திய அதே பொருள். அந்தச் சிவப்புக் கட்டியும் ஆஸ்பத்திரி வாடையும் 'உழைக்கிற உடம்புக்கான சோப்பு' என்ற அடையாளமாவே ஆகிப்போச்சு. இந்திய லைஃப்பாயிலிருந்து கார்பாலிக் நீக்கப்பட்டது 2002-ல்தான்.

இன்னொரு வேலையையும் விளம்பரங்கள் செஞ்சது. அமெரிக்காவில் உடல் நாற்றத்துக்கு 'பி.ஓ.' என்று ஒரு சுருக்கெழுத்தைப் பிரபலமாக்கியதில் லைஃப்பாய் விளம்பரங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. உழைப்போட அடையாளமா இருந்த வியர்வை, வெட்கப்பட வேண்டிய விஷயமா மாறினது இப்படித்தான்.

அடுத்த திருப்பம் சென்னையில். டாக்டர் வி.பி. சித்தன் ரயில்வே மருத்துவர். தோல் கோளாறோட வரும் ரயில்வே தொழிலாளர்களைப் பார்க்கிறார். தன் குடும்பத்து ஆயுர்வேத மூலிகைக் கைப்பக்குவத்தைத் தேங்காய் எண்ணெய் சோப்பில் சேர்த்து, 1969-ல் வீட்டிலேயே தயாரிக்கிறார். அதுதான் மெடிமிக்ஸ். அது எல்லா தோலுக்கும் மருந்துன்னு நான் சொல்ல வரலை. அவர் அழுக்கை விட்டுட்டுத் தொழிலாளியோட தோலிலிருந்து யோசிச்சார். எனக்கு முக்கியமாப் படுறது அதுதான்.

சரி, அறிவியல் என்ன சொல்லுது? வியர்வை பெரும்பாலும் தண்ணிதான், அதுக்கு வாசனையே கிடையாது. அக்குளில் வாழும் பாக்டீரியா அதைச் சிதைக்கும்போதுதான் நாற்றம் வருது. சாதாரண சோப்பே அதைக் கழுவிடும். 2016-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ட்ரைக்ளோசான் உட்பட 19 கிருமிநாசினிப் பொருள்களை வீட்டு உபயோக சோப்பிலிருந்து விலக்கியது. சாதாரண சோப்பை விட அவை மேல் என்பதற்கு ஆதாரம் இல்லை என்பது அது சொன்ன காரணங்களில் ஒன்று.

கடையில் பார்க்க வேண்டியது அட்டையின் பின்பக்கம். இந்தியத் தரவிதிப்படி 'டாய்லெட் சோப்' முதல் தரத்தில் குறைந்தது 76 சதவீதம் கொழுப்புப் பொருள் இருக்கணும், இரண்டாம் தரத்தில் 70, மூன்றாம் தரத்தில் 60. அட்டையில் அது 'டி.எஃப்.எம்.' என்று இருக்கும். 'பேதிங் பார்' என்று போட்டிருந்தா 40 இருந்தாலே போதும். நம்ம தோல் லேசான அமிலத்தன்மை கொண்டது, சோப்பு காரத்தன்மை கொண்டது. தினம் ரெண்டு தடவை குளிக்கிறவங்க அக்குள், இடுக்கு, பாதத்துக்கு மட்டும் சோப்பு போட்டு, மத்த இடத்துக்குத் தண்ணி ஊத்தினாலே போதும். கிரீஸ், பிசின் மாதிரி ஒட்டுற அழுக்குன்னா முதலில் தேங்காய் எண்ணெய் தேய்ச்சு இளக்கிட்டு, அப்புறம் சோப்பு. துணி சோப்பு எப்பவுமே உடம்புக்கு வேண்டாம்.

இதையெல்லாம் போன வாரம் போனில் அம்மாச்சிகிட்ட பெருமையா விளக்கினேன். பொறுமையா கேட்டுட்டு ஒரே வரி சொன்னாங்க. "மேல தோட்டத்துல கை கழுவ ஒரு குழாய் இருந்திருந்தா, எந்த சோப்பும் பத்தும்யா."

நான் யோசிக்காத இடம் அது. பூச்சிமருந்து தோலில் பட்டா உடனே சோப்பும் தண்ணியும் போட்டுக் கழுவணும். ஜீப் இறங்கி வீடு சேர்ற வரைக்கும் காத்திருக்கக் கூடாது. 2025 வரை அமலில் இருந்த 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 42-வது பிரிவு, தொழிலாளர்கள் கழுவிக்கொள்ள வசதி இருக்கணும்னு சொன்னது. 1951-ல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் தேயிலை, காபி, ரப்பர், சின்கோனா இருந்தது, ஏலக்காய் இல்லை. அதைச் சேர்த்தது 1981-ல். தோட்டங்களில் பூச்சிமருந்தைக் கையாளும் பாதுகாப்புக்கு அந்தச் சட்டத்தில் தனி அத்தியாயம் வந்தது 2010-ல்.

லைஃப்பாய் இந்தியாவுக்கு வந்து 86 வருஷம் கழிச்சுத்தான் ஏலக்காய் பறிக்கிற கை அந்தச் சட்டத்துக்குள்ள வருது. உழைக்கிறவங்களுக்கு சோப்பை விற்க எல்லாரும் இருந்தாங்க. வேலை செய்ற இடத்துல தண்ணி கேட்கத்தான் ஆள் இல்லை.

ஜிம் நண்பருக்குப் பதில்: ஸ்ட்ராங் வேண்டாம், முதல் தர சோப்பு, சீக்கிரம் ஒரு குளியல். உங்க ஜிம்மில் ஷவர் இருக்கு இல்லையா? அது எவ்வளவு பெரிய வசதின்னு இன்னைக்கு ஒரு தடவை நினைச்சுப் பாருங்க. அடுத்த முறை ஏலக்காய் டீ குடிக்கும்போதும்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.