12ஆம் நம்பர் கவுனும் கணினி அலமாரியும்

இந்த முறை சரித்திரம்தான். ஆனால் ராஜா ராணி கிடையாது, பழைய துணி.

போன செமஸ்டரில் எங்களுக்கு ஒரு குழு வேலை. இணையத்தில் பழைய துணி விற்கும் ஒரு கற்பனைக் கடையின் "என் அலமாரி" பக்கத்தை மாற்றி வடிவமைக்க வேண்டும். உள்ளே வருபவருக்குப் பொருந்துகிற துணி மட்டும் அதில் தெரிய வேண்டும். முதல் கேள்வியாக "உங்கள் சைஸ் என்ன?" என்று போட்டுவிட்டு, வேலை முடிந்தது என்று டீ குடிக்கப் போய்விட்டோம். ஆசிரியை பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "எந்த வருஷத்து சைஸ்?"

தேடிப் பார்த்தால் கதை அமெரிக்காவில் போய் நிற்கிறது. அங்கே தபாலில் துணி விற்ற கம்பெனிகளுக்கு, அளவு சரியில்லை என்று திரும்பி வரும் பார்சல்கள் பெரிய தலைவலி. 1939-40இல் அந்நாட்டு விவசாயத் துறைக்காக ரூத் ஓ'பிரையனும் வில்லியம் ஷெல்டனும் சுமார் 15,000 பெண்களை அளந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஐம்பதுக்கும் மேற்பட்ட அளவுகள்! ஆனால் வெள்ளையர் அல்லாத பெண்களின் அளவுகளைக் கணக்கில் சேர்க்கவில்லை. நாட்டுக்கே பொது அளவு என்று பெயர், நாட்டில் ஒரு பகுதிப் பேரை விட்டுவிட்டால்கூடக் கவலையில்லை போலும்.

அந்த அளவுகளை வைத்து 1958இல் அரசு ஒரு அளவுத் தரம் வெளியிட்டது. கம்பெனிகள் விரும்பினால் பின்பற்றலாம், அவ்வளவுதான். 1983இல் அதையும் விலக்கிக்கொண்டார்கள். துணியைப் பெரிதாகத் தைத்துச் சின்ன நம்பர் போட்டால் வாங்குபவருக்குச் சந்தோஷம் என்று கம்பெனிகள் கண்டுபிடித்திருந்தன. அப்படியே நம்பர் இறங்கி இறங்கி, அந்தக் காலத்து 12 இன்றைய 6க்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

புதுத் துணிக் கடையில் இது சின்னத் தொல்லை. 12 பிடிக்கவில்லையா, 14 எடு. பழைய துணியில் அது முடியாது. ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்றுதான். 1960இல் தைத்த 12ம் 2010இல் தைத்த 12ம் ஒரே கம்பியில் தொங்கும். "இதை வாங்கியவர்கள் அதையும் வாங்கினார்கள்" என்று காட்டவும் வழியில்லை, விற்றதும் அந்தத் துணியே போய்விடுகிறதே.

1995இல் வந்த 'க்ளூலெஸ்' படத்தில் நாயகி கணினியில் தன் அலமாரியைத் திறந்து உடை பொருத்திப் பார்ப்பாள். அது அவளுடைய சொந்தத் துணி, அளவுப் பிரச்சினையே இல்லை. உண்மையான கடைகள் வேறு பக்கத்தில் இருந்து ஆரம்பித்தன. 2008இல் லிதுவேனியாவின் வில்னியஸ் நகரில் வீடு மாறிய மில்டா மிட்குட்டே என்ற பெண்ணிடம் துணி அதிகம். நண்பர் யுஸ்தாஸ் யனவ்ஸ்கஸ் அதற்காக ஒரு தளம் செய்தார். அதுதான் பின்னாளில் வின்டட். அங்கே அலமாரி என்றால் ஒருவர் கழித்துவிட நினைக்கும் துணிகள்! 2009இல் அமெரிக்காவில் ஆண்களின் சட்டைகளை மாற்றிக்கொள்ளும் தளமாகத் தொடங்கிய த்ரெட்அப், பிறகு துணிகளைத் தன் கிடங்குக்கே வரவழைத்துப் படம் எடுத்து அளந்து விற்றது.

எங்களுக்கு வழி காட்டியது அந்த அளப்பதுதான். சைஸ் கேள்வியை எடுத்துவிட்டோம். வீட்டில் உங்களுக்கு நன்றாகப் பொருந்தும் ஒரு சட்டையைத் தரையில் விரித்து மார்பு, இடுப்பு, நீளம் மூன்றையும் அளந்து கொடுங்கள். அதுதான் அலமாரியின் முதல் துணி. கடைத் துணிகளும் அதே மாதிரி அளக்கப்பட்டு, அதற்கு நெருக்கமானவை மேலே வரும். நம்பரைக் கீழே சின்னதாக, தைத்த காலத்தோடு போட்டோம்.

சோதித்தபோது எங்கள் குழுவில் ஒருவன் ஒரே சட்டையை மூன்று தடவை அளந்து மூன்று கணக்கு சொன்னான். இன்னொருத்தி வீட்டில் இஞ்சு டேப்பே இல்லை.

மார்க்கா? பத்துக்கு ஏழு. "டேப் இல்லாதவர் என்ன செய்வார்?" என்று ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தார் ஆசிரியை.