பேக்கமன் நிரல்கள் இரண்டை மோதவிடுவது எப்படி?

தாயம் ஆடியிருக்கிறீர்களா? பேக்கமனும் கிட்டத்தட்ட அந்த மாதிரிதான். பலகையில் 24 இடங்கள், ஆளுக்கு 15 காய்கள், இரண்டு பகடைகள். எல்லாக் காய்களையும் முதலில் வெளியே எடுப்பவருக்கு வெற்றி.

இதை ஆடும் கணினி நிரல்கள் பல உண்டு. எது கெட்டி? மோதவிட்டால்தான் தெரியும். ஆனால் ஒரு திரையைப் பார்த்துப் பார்த்து இன்னொன்றில் நீங்களே தட்டிக்கொண்டிருந்தால், பத்து ஆட்டத்திலேயே கை ஓய்ந்துவிடும்.

பத்து ஆட்டம் ஏன் போதாது?

1979இல் மான்டி கார்லோவில், ஹான்ஸ் பெர்லினர் உருவாக்கிய பிகேஜி 9.8 நிரல், அப்போதைய உலக வெற்றியாளர் லூய்ஜி வில்லாவை 7-1 என்று வீழ்த்தியது. ஆட்டங்களைப் பிறகு அலசிப் பார்த்த பெர்லினரே, வில்லாதான் சிறப்பாக ஆடினார், நிரலுக்குப் பகடை கைகொடுத்தது என்று ஒப்புக்கொண்டார். அதிர்ஷ்டத்தைத் தாண்டித் திறமை தெரிய ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் வேண்டும். அதற்குத்தான் தானியங்கி இணைப்பு.

என்னென்ன தேவை?

பொது மொழி: ஒவ்வொரு நிரலும் பலகையைத் தன் பாணியில் நினைவில் வைத்திருக்கும். இரண்டுக்கும் புரியும் ஒரே வடிவம் வேண்டும். 1992இல் தொடங்கிய ஃபிப்ஸ் என்ற இணைய ஆட்டத் தளம், காய்கள் நிற்கும் இடம், பகடை எண், புள்ளி எல்லாவற்றையும் ஒரே வரியில், முக்காற்புள்ளி போட்டுப் பிரித்து அனுப்பும். அந்த வரி பலருக்கும் பழகிப்போனது.

நடுவர்: பகடையை உருட்டுவது யார்? ஆடுகிற நிரலே உருட்டினால் சந்தேகம் வரும். அதனால் நடுவில் இருக்கும் நிரல் உருட்டும், விதி மீறிய நகர்த்தலைத் தடுக்கும், புள்ளியையும் குறித்துக்கொள்ளும்.

குழாய்: செய்தி போய்வர 'சாக்கெட்' எனப்படும் இணைப்பு. இலவசமாகக் கிடைக்கும் ஜிஎன்யூ பேக்கமன், வெளி நிரல் ஒன்றை இப்படி ஆட்டக்காரராகச் சேர்த்துக்கொள்ளும். பலகை நிலையை அது அனுப்பும். உங்கள் நிரல் நகர்த்தலைப் பதிலாகச் சொன்னால் போதும்.

இணையம் வேண்டுமா?

வேண்டாம். இரண்டு நிரலும் ஒரே மடிக்கணினியில் ஓடலாம். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்து வீட்டில் சிக்னல் விட்டுவிட்டு வந்தாலும் போட்டி நிற்காது. ராத்திரி தொடங்கிவிட்டுத் தூங்கினால், காலையில் முடிவைப் பார்க்கலாம்.

அதிர்ஷ்டத்தைக் குறைக்க ஒரு வழி

ஒரே பகடை வரிசையை இரண்டு முறை பயன்படுத்துங்கள். இரண்டாம் முறை பக்கத்தை மாற்றுங்கள். அதிர்ஷ்டம் முழுசா போகாது, ஆனால் குறையும்.

இதில் வேறு லாபமும் உண்டு. ஐபிஎம் நிறுவனத்தில் ஜெரால்ட் டெசாரோ உருவாக்கிய டிடி-கேமன், 1990களின் தொடக்கத்தில் தன்னோடு தானே சுமார் 3 லட்சம் ஆட்டம் ஆடியே கற்றுக்கொண்டது. மனிதர் தட்டச்சு செய்து ஆடவைத்திருந்தால் அது நடந்திருக்குமா?

நீங்கள் எழுதும் முதல் நிரல் படுதோல்வி அடையலாம். பரவாயில்லை. எத்தனை ஆட்டத்தில், எவ்வளவு புள்ளியில் தோற்றது என்று குறித்துவையுங்கள். அடுத்த நிரலை அந்தக் கணக்கோடுதான் ஒப்பிடவேண்டும்.