இரண்டு வெள்ளியும் வெள்ளித் தேரும்

தைப்பூசத்திற்கு முதல் நாள் பினாங்கு வீதியிலுள்ள நகரத்தார் கோயில் வீட்டிலிருந்து வெள்ளித் தேர் புறப்பட்டுத் தண்ணீர்மலைச் சாலை நோக்கி நகரும். வழிநெடுக மலைபோல் குவிக்கப்பட்ட தேங்காய்கள் உடைபடும். உடைப்போரில் தமிழரும் உளர், சீனரும் உளர். 1894ஆம் ஆண்டு முதற்கொண்டு ஜார்ஜ்டவுன் தெருக்கள் கண்டுவரும் அத்தேரைக் காண இன்று வெளிநாட்டவரும் திரளாக வருகின்றனர். வந்தவர் தங்க அறை வேண்டும். அறைக்கு வாடகை உண்டு. அவ்வாடகையின்மேல் ஒரு சிறு கட்டணமும் உண்டு. அக்கட்டணத்தின் வரலாறே ஈண்டு ஆராயப்படுவது.

பினாங்கு வரியின்மையால் வளர்ந்த ஊர். 1786இல் பிரான்சிஸ் லைட் இத்தீவில் கொடியேற்றியபோது, கப்பல்களை ஈர்க்கும்பொருட்டுச் சுங்கமில்லாத் துறைமுகமாக இதனைத் திறந்துவிட்டார். ஆயின் சுங்கம் இல்லையெனினும் ஆட்சிக்குச் செலவு உண்டன்றோ? அபினிக்கும் சாராயத்திற்கும் குத்தகை விட்டு அப்பொருள் ஈட்டப்பட்டது. குடித்தவனும் புகைத்தவனும் ஊரைத் தாங்கினர் என்றால் மிகையாகாது. 1800இல் வீடுகளுக்கு வரி மதிப்பிடும் குழு ஒன்று அமைந்தது. சாலைக்கும் கால்வாய்க்கும் பொருள் தேட எழுந்த அக்குழுவே இந்நாட்டு ஊராட்சி அமைப்புகளுக்கு முன்னோடி.

விழாக்களுக்கு யார் பொருள் தந்தனர்? அரசு தரவில்லை. நகரத்தாரிடையே மகமை என்றொரு வழக்கம் இருந்தது. கொடுக்கல் வாங்கலில் ஒரு சிறு பங்கைக் கோயிலுக்கும் அறத்திற்கும் ஒதுக்கிவைப்பது அது. ஆணையிட்டு வாங்கும் வரியன்று; தம்மேல் தாமே விதித்துக்கொண்டது. அதற்கு ஒரு தனிச் சிறப்பும் உண்டு. கொடுத்தவர் அக்கோயிலிலேயே அமர்ந்து கணக்குக் கேட்க இயலும். எண்ணெய்க்கு எவ்வளவு, பூவுக்கு எவ்வளவு என்று கணக்குப்பிள்ளை படிக்கவேண்டும். குறை காணின் அங்கேயே எழுந்து சொல்லலாம்.

1969இல் சுங்கமில்லாத் துறைமுகம் என்னும் நிலையைப் பினாங்கு இழந்தது. வணிகம் தளர, தொழிற்சாலைகளையும் சுற்றுப்பயணிகளையும் நாடவேண்டியதாயிற்று. 1972இல் பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிப வட்டாரம் தோன்றியது. பத்து பெரிங்கிக் கடற்கரையில் விடுதிகள் எழுந்தன. 2008ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் ஜார்ஜ்டவுன், மலாக்காவுடன் சேர்ந்து யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. 2010 முதல் ஜார்ஜ்டவுன் கலைவிழாவும் தொடங்கிற்று. விழா என்பது ஊரார் மகிழ்வதற்கு மட்டுமன்றி, வெளியாரை வரவழைப்பதற்கும் உரியது என்னும் எண்ணம் இவ்வாறு வேரூன்றியது.

2014 ஜூன் முதல் நாள் அறைக் கட்டணம் நடைமுறைக்கு வந்தது. மூன்று நட்சத்திரமும் அதற்குக் கீழுமான விடுதிகளில் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 2 வெள்ளி. நான்கு, ஐந்து நட்சத்திர விடுதிகளில் 3 வெள்ளி. சுற்றுலா வளர்ச்சியே அதன் நோக்கமாகக் கூறப்பட்டது. நூறு அறைகள் கொண்ட சிறிய விடுதி ஒன்று நிறைந்திருப்பின் ஓர் இரவுக்கு 200 வெள்ளி சேரும். தனியே நோக்கின் சிறுதொகை. ஆண்டு முழுதும் தீவெங்கும் சேர்வதை எண்ணின் சிறிதன்று.

இதனை வரி என்னாது கட்டணம் என்றதற்குக் காரணம் உண்டு. 1994இல் சுற்றுலா, கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் மத்திய அரசின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஊராட்சியோ மாநிலத்தின் கையில் உள்ளது. ஆகவே ஊராட்சி மன்றங்களின் வழியாகவே இக்கட்டணம் வாங்கப்பட்டது. சொல்லொன்றை மாற்றி வழி கண்ட சாமர்த்தியம் இது! மூன்றாண்டு கழித்து, 2017 செப்டம்பர் முதல் நாள், மத்திய அரசும் தன் சுற்றுலா வரியைக் கொணர்ந்தது. உள்நாட்டவரிடமும் வாங்க முதலில் எண்ணியது. எதிர்ப்பு எழவே, வெளிநாட்டவரிடம் மட்டும் ஓர் இரவுக்கு 10 வெள்ளி என்றாயிற்று. ஒரே கட்டிலுக்கு இரண்டு பெட்டிகள்! பினாங்கின் முதலமைச்சராக இருந்து 2014இல் அறைக் கட்டணத்தைக் கொணர்ந்த லிம் குவான் எங், பின்னர் நிதியமைச்சராகி, சுற்றுலா வரியில் பாதியை மாநிலங்களுக்குப் பகிர்ந்தளிப்பதாக 2019ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார்.

இவ்வழக்கம் பினாங்கிற்கு மட்டும் உரியதன்று. பிரான்சு நாடு 1910இலேயே ஊற்றுநீர் நகரங்களுக்குத் தங்கல் வரி வாங்கும் உரிமையை வழங்கியது. வந்து குளிப்போரால் ஊருக்கு நேரும் செலவை வந்தோரே ஏற்கவேண்டும் என்பது அதன் நியாயம்.

அந்த நியாயத்தை நம் தேரோட்டத்தோடு பொருத்திப் பார்த்தல் தகும். தைப்பூசம் விருந்தினருக்காக எடுக்கப்பெறும் விழாவன்று, வேண்டுதலால் எடுக்கப்பெறுவது. அதன் பூசைக்கும் தேருக்கும் அறைக் கட்டணத்திலிருந்து ஒரு காசும் வேண்டியதில்லை. வேண்டுமென்று கேட்டால், பொருள் தந்தவன் நேரத்தையும் வழியையும் வகுக்க வருவான். 2017இல் தங்கத் தேர் உலா தொடங்கியபோதும் பக்தர்கள்தாம் வடம் பிடித்தனர். ஆயின் தெருவிளக்கு, தண்ணீர், கழிப்பிடம், முதலுதவி, துப்புரவு ஆகியவை ஊராட்சியின் பொறுப்பு. அவற்றிற்கு இக்கட்டணம் செல்வதே முறை. சென்னைப் படைவீரரோடு வந்ததாகக் கூறப்படும் போரியா, தெருவோரச் சீன நாடகம் போன்று புரவலர் குறைந்துவரும் சிறு கலைகளுக்கோ நேரடியான உதவியே வேண்டும். பெருவிழாவின் ஒளியில் இவை கண்ணுக்குத் தெரியாமற் போகின்றன.

மகமை தந்தவர் கணக்குக் கேட்டார். அறைக் கட்டணம் தருபவரோ இரண்டு நாளில் விமானம் ஏறிவிடுகிறார். தம் 2 வெள்ளி எங்குச் சென்றதென்று அவர் கேட்கப்போவதில்லை. கேட்கவேண்டியவர் ஊரார். 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து அறைகள் வெறுமையானபோது, அறையை நம்பிய வருவாயும் வறண்டது. கோயில்களில் விளக்கு மட்டும் அணையவில்லை. தேர் சென்றபின் உடைந்த ஓடுகளைக் கூட்டி அள்ளும் நகரத் தொழிலாளருக்கு அன்று விடியுமுன்னே வேலை தொடங்கிவிடும். வெயில் ஏறுமுன் சாலை மீண்டும் வண்டிகளுக்குத் திறக்கப்படவேண்டும்.