பெர்ணம் கழிமுகத்தில் இரும்பா, வைட்டமினா? நச்சுப்பாசி–பாக்டீரியா உறவு குறித்து ஒரு மறுவாசிப்பு

வட சிலாங்கூரின் சதுப்புக் காட்டிலிருந்து வடியும் நீர் கடுந்தேநீர் நிறம் கொண்டது. அது பெர்ணம் ஆற்றில் கலந்து, சபாக்கைக் கடந்து மலாக்கா நீரிணையைச் சேரும்போது சேறும் சேர்ந்து கலங்கிவிடுகிறது. நச்சுப்பாசிகளும் பாக்டீரியாக்களும் ஒன்றையொன்று வளர்ப்பது எப்படி என்பதற்குச் சொல்லப்படும் புகழ்பெற்ற விளக்கத்தை உரசிப் பார்க்க இந்தக் கலங்கல் நீரே தகுந்த கல்.

அந்த விளக்கம் ஷேடி அமீன் குழுவினர் 2009-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழக ஆய்விதழில் வெளியிட்டது. டைனோஃபிளாஜெல்லேட்டுகள் என்ற பாசி வகையை ஒட்டி வாழும் மாரினோபாக்டர் என்ற பாக்டீரியா, இரும்பைப் பிடிப்பதற்காக விப்ரியோஃபெரின் என்ற மூலக்கூறைச் சுரக்கிறது. பிற கடல் பாக்டீரியாக்களின் ஒத்த மூலக்கூறுகள் இரும்பை இறுகப் பற்றுபவை. இதன் பிடியோ தளர்வானது. வெயில் பட்டால் இது மற்றவற்றைவிட 10 முதல் 20 மடங்கு வேகமாகச் சிதைகிறது. சிதைந்த துண்டால் இரும்பை மறுபடி பற்ற முடியாது. விடுபட்ட இரும்பைப் பாசி உறிஞ்சுகிறது. உறிஞ்சும் அளவு 20 மடங்குக்கு மேல் கூடுகிறது. பாசி கசியவிடும் கரிமப் பொருள் பாக்டீரியாவுக்கு உணவாகிறது.

அழகான சோதனை. அதன் அளவீடுகளில் குறை காண இக்கட்டுரைக்கு நோக்கமில்லை. சிக்கல் அதைப் பின்னர் வாசித்தவர்களிடம் இருக்கிறது: எந்தக் கரையில் பாசி பெருகினாலும் இதே இரும்பு ஒப்பந்தத்தைத் தேடும் போக்கு வளர்ந்துவிட்டது. இந்த ஒப்பந்தத்துக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. இரும்பு அரிதாக இருக்க வேண்டும். வெயில் நீருக்குள் இறங்க வேண்டும். நடுக்கடலின் தெளிந்த நீரில் இரண்டும் பொருந்தும். பெர்ணம் கழிமுகத்தில் இரண்டுமே தலைகீழ். வெப்பமண்டலச் சதுப்புக் காட்டு ஆறுகள் மட்கிய பொருளோடு பிணைந்த இரும்பைத் தாராளமாகச் சுமந்து வருகின்றன. சேறோ ஒளியை மேற்பரப்பிலேயே தடுத்துவிடுகிறது.

உப்புநீர் பட்டதும் ஆற்று இரும்பின் பெரும்பகுதி திரண்டு படிந்துவிடுமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, எளிதில் தள்ள முடியாதது. ஆனால் படிந்த இரும்பு அந்தச் சேற்றில்தான் கிடக்கிறது. ஒவ்வோர் ஓதத்திலும் சேறு மீண்டும் கிளம்புகிறது. மட்கிய பொருளோடு பிணைந்த ஒரு பங்கு கரைந்த நிலையிலேயே கடல்வரை போகிறது. நடுக்கடல் பாசிக்கு நேரும் இரும்புப் பஞ்சம் இங்கே நேர்வது அரிது.

அப்படியானால் இங்கே பாக்டீரியாவிடம் பாசிக்கு என்ன தேவை? பி12 வைட்டமின் என்பதே இக்கட்டுரையின் துணிபு. அதைத் தயாரிக்கும் திறன் பாக்டீரியாக்களுக்கும் ஆர்க்கியாக்களுக்கும் மட்டுமே உண்டு. 2010-இல் அதே ஆய்விதழில் வந்த டாங், கோக், கோப்ளர் ஆகியோரின் ஆய்வில், சோதித்த 27 தீங்குப்பாசி இனங்களில் 26-க்கு பி12 வெளியிலிருந்து வேண்டியிருந்தது. 20-க்கு பி1-உம் வேண்டியிருந்தது. ஆறு எவ்வளவு இரும்பு கொண்டுவந்தாலும் இந்தத் தேவை குறையாது. பாக்டீரியாவின் பக்கமும் கணக்கு ஒத்துவருகிறது. சதுப்பு நீரின் கரிமப் பொருள் மெல்லவே செரிக்கக்கூடியது. பாசி கசியவிடுவதோ உடனே உண்ணத்தக்க சர்க்கரை.

செம்பனைத் தோட்டங்களிலும் சபாக், செக்கிஞ்சான் நெல்வயல்களிலும் இடும் உரமே எல்லாவற்றுக்கும் போதிய விளக்கம் என்பாரும் உண்டு. உரம் நைட்ரஜனையும் பாஸ்பரசையும் தரும், வைட்டமினைத் தராது.

இந்த வாதம் வெறும் சொல்லாடலாக நிற்கக் கூடாது. இதே நீரிணையின் தெற்கே, மலாக்காவின் செபாத்துவில் 1991-இல் சிப்பி உண்டவர்களுக்கு முடக்கு நஞ்சு ஏறியது. அலெக்சாண்ட்ரியம் என்ற டைனோஃபிளாஜெல்லேட்டே அதற்குக் காரணம். கோலா சிலாங்கூர்க் கடலில் கெராங் என்ற சிப்பியை வளர்ப்போரின் பிழைப்பும், அதை வாங்கி உண்போரின் உயிரும் இந்தக் கேள்வியில் அடங்கியிருக்கின்றன. சோதனை கடினமானதன்று. வடிகட்டிய கழிமுக நீரை மூன்று குடுவைகளில் எடுத்து, பாக்டீரியா நீக்கிய அலெக்சாண்ட்ரியத்தை மூன்றிலும் விட வேண்டும். ஒன்றில் இரும்பு, ஒன்றில் பி12. மூன்றாவதில் எதுவும் சேர்க்கக் கூடாது. இரும்புக் குடுவையில் பாசி முந்தினால் இங்கே சொன்னது தவறு.